சுரண்டியது ஒன்பது நாள், அடித்தது நாலு நாள்

2020 தை மாதம், தங்கை கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். தாத்தா காலத்து ஓட்டு வீடு, செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு மட்டுமே பார்த்த சுவரில் அந்த வருஷம் எமல்ஷன் பெயின்ட் ஏறியது. கல்யாண ஆல்பத்தில் வீடு பளபளவென்றுதான் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் கூடத்து மேற்குச் சுவர் பொரிய ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அப்பளம் அப்பளமாகப் பெயின்ட் உரிந்து தொங்கியது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளைத் தூள். பழைய சுண்ணாம்புத் தூளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெயின்ட், அந்தத் தூளோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது.

அடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. "சுரண்டாம அடிச்சா நிக்காது சார்" என்று முதல் நாளே சொன்னார்கள். பந்தல்காரர் வருவதற்குள் முடியட்டும் என்று விரட்டியது நான்தான்.

2024-ல் மறுபடி கையில் எடுத்தேன். பொங்கலுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் மார்கழிச் சுவர் மழைத் தண்ணீரை முழுசாக விட்டிருக்காது. அதனால் பொங்கல் கழிந்து, கரிநாளும் போகட்டும் என்று அம்மா சொன்னதால் அதையும் விட்டு, பெயின்ட் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நான் ஷேட் கார்டை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டைவிரலால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். விரல் வெள்ளையானது. அப்புறம் விரல் முட்டியால் ஒவ்வோர் அடிக்கும் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியாகக் கேட்ட இடத்தைத் தாண்டிப் போனார். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்ட இடத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டார். பூச்சு செங்கல்லை விட்டு எழும்பியிருக்கிற இடங்கள் அவை. மேற்குச் சுவரில் மட்டும் பதினேழு வட்டம்.

"தம்பி, இதுக்கு வியாதி வெளியில இருக்கு" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவர் சொன்னபடி ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை அந்தச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மேல்பக்கம் வேர்த்திருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரம். உள்ளே வேர்த்தால் சுவரே விடுகிற ஈரம். இந்தச் சோதனைக்குக் கால் காசு செலவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் செய்திருந்தால் இருபது லிட்டர் எமல்ஷன் மிச்சம்.

வெளியே போய்ப் பார்த்தோம். கொல்லைக் குளியலறைத் தண்ணீர் போகிற சாக்கடை அந்தச் சுவரை ஒட்டியே ஓடுகிறது. சாக்கடையின் அடித்தளம் விரிசல் விட்டு, தண்ணீர் பாதி வாய்க்காலிலும் பாதி மண்ணிலுமாகப் போயிருக்கிறது. செங்கல் ஒரு திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீரோடு உப்பும் ஏறும். தண்ணீர் சுவர் முகத்தில் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிப் பூத்து, பூச்சைப் பொரை பொரையாகத் தள்ளும். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் எப்படியோ வெளியே போய்க்கொண்டிருந்தது. எமல்ஷன் அதன்மேல் ஒரு தோலைப் போர்த்தி வாயை அடைத்துவிட்டது. மேஸ்திரியை அப்போதைக்கு அனுப்பிவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சாக்கடையைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் புதிதாகக் கட்டினோம். மேற்குச் சுவரின் பூச்சை இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை அப்படியே காற்றாட விட்டோம். வந்த விருந்தாளிகள் எல்லாம் "வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

மற்ற இடங்களில் வேலை மாசி முதல் வாரத்தில் ஆரம்பித்தது. கூலி விஷயத்தில் ஒன்று செய்தேன், அது நன்றாக வேலை செய்தது. மொத்தத்தையும் சதுர அடிக் கணக்கில் விட்டால் சுரண்டுகிற வேலை ஓட்டமும் நடையுமாகத்தான் நடக்கும், ஏனென்றால் அதில் அவர்களுக்கு லாபமில்லை. அதனால் சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் நாள் சம்பளம், பிரைமர் என்கிற அடிப்பூச்சு முதல் கடைசிக் கை பெயின்ட் வரைக்கும் சதுர அடி என்று பிரித்துப் பேசினேன். சன்னல் கதவைக் கழித்துத்தான் அளக்க வேண்டும் என்பதையும் அப்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். பிறகு பேசினால் முகம் சுளிப்புதான் மிஞ்சும்.

வீட்டைக் காலி செய்வது தனிக் கதை. பீரோவை நகர்த்த ஐந்து பேர். சாமி படங்கள் எதிர்வீட்டு அத்தை பூஜை அறைக்குப் போயின. பரணிலிருந்து இறங்கிய பித்தளைப் பாத்திரங்களைப் பார்த்ததும் அம்மா பெயின்ட் வேலையை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, தகடு வைத்துத் தள்ளினால் பாளம் பாளமாக வந்தது. தெளிக்காமல் சுரண்டினால் வீடே புகைமண்டலம். ஒரு பாளத்தின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசைவிடக் கனம். மேலே சந்தன நிற எமல்ஷன், அதன்கீழ் வெள்ளை, வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, எந்த வருஷமோ ஒரு ரோஸ், மறுபடி வெள்ளை. அடுக்களைப் பக்கம் காலண்டர் ஆணிக்குக் கீழே பென்சிலில் ஒரு பால் கணக்கு வந்தது. அப்பா கையெழுத்தோ என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "பால்காரர் எழுதினது. பாக்கி எல்லாம் கொடுத்தாச்சு, சுரண்டச் சொல்லு" என்றாள்.

கதவு, சன்னல் விஷயத்தில் கொஞ்சம் பயந்தேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கதவுகளில் இருந்தது அதற்கு எத்தனையோ வருஷம் முந்தைய எனாமல். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டால் பறக்கிற தூளில் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். தங்கை பையனை ஒரு வாரம் அவன் அப்பா ஊருக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாளால் ஈரத்திலேயே தேய்க்கச் சொன்னேன். விழுந்த சேற்றை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தோம், பெருக்கவில்லை. மேஸ்திரி சிரித்தார். ஆனால் இரண்டாம் நாள் அவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

நான் செய்த முட்டாள்தனம் தரையில். எங்கள் வீட்டுத் தரை சிவப்பு ஆக்சைடு. அறுபது வருஷம் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி ஏறிய மினுமினுப்பு. அதன்மேல் பழைய செய்தித்தாள் விரித்தேன். சுரண்டும்போது வழிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் தாள் ஊறி, ஒட்டி, காய்ந்து, கூடத்தின் ஒரு மூலையில் தலைப்புச் செய்தி தலைகீழாகப் பதிந்துவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்து எழுத்து போயிற்று, வெளுப்பு போகவில்லை. மற்ற அறைகளுக்குக் கனமான தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

பட்டி பார்ப்பதை, அதாவது சுவரின் பள்ளங்களை மாவு பூசிச் சமமாக்குவதைப் பற்றி எல்லாரும் ஒரு யோசனை சொன்னார்கள். வீடு முழுக்க இரண்டு கை பட்டி போட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று. ஐம்பது அறுபது வருஷத்துச் சுவர் கண்ணாடி மாதிரி ஏன் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மேஸ்திரியும் என் பக்கம்தான். ராத்திரி ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் நிழல் காட்டியது. பென்சிலால் குறித்து, அந்த இடங்களுக்கு மட்டும் பட்டி. கலந்த பட்டி சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஒரு தட்டு அளவுக்கே கலந்தார்.

ஆக, சுரண்டல், தேய்ப்பு, பட்டி எல்லாம் சேர்த்து ஒன்பது நாள். பெயின்ட் டப்பாவை அதுவரை யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வந்து, ஆள் சரியில்லையோ என்று ரகசியமாகக் கேட்டார்கள்.

நிறம் தேர்வதில் 2020-ல் பட்ட அடி நினைவிருந்தது. விரல்நுனி அளவு அட்டையில் இளஞ்சந்தனமாக இருந்தது நாலு சுவரிலும் ஏறியதும் குழைத்த மஞ்சளாகிவிட்டது. ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது எப்போதும் ஒரு படி கூடும். இந்தத் தடவை சின்ன டப்பாவாக இரண்டு நிறம் வாங்கி, கிழக்கே ஒரு சதுரம், தெற்கே ஒரு சதுரம் அடித்து, காலை வெயிலிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் இரண்டு நாள் பார்த்தோம். முதலில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுத்தேன். மெஷினில் கலந்த நிறத்தைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். நாலு லிட்டர் டப்பாக்கள் ஐந்தையும் ஒரே பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் மேஸ்திரி பிரஷ்ஷைத் தொட்டார். டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாதிச் சுவரில் அது கோடு போட்டுக் காட்டிவிடுமாம்.

பிரைமர் ஒரு நாள், முதல் கை ஒரு நாள், இரண்டாம் கை ஒரு நாள், கதவு சன்னலுக்கு எனாமல் ஒரு நாள். சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. பிரைமர் மட்டும் கணக்கைவிட நாலு லிட்டர் கூடக் குடித்தது.

மேற்குச் சுவர் சித்திரை வெயில் வரை காய்ந்தது. பாலிதீன் சோதனையில் உள்பக்கம் வேர்ப்பது நின்றதும் சுண்ணாம்பு, மணல் வைத்தே பூசினோம், சிமென்ட் சேர்க்கவில்லை. அதன்மேல் எமல்ஷன் வேண்டாம் என்று மேஸ்திரி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் கொதித்தது கொதித்தபடி இருந்தது. கிட்டே போன என்னை இழுத்துத் தள்ளி நிறுத்தினார், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்தாம். நாலு நாள் ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சொட்டு நீலம் விட்டு, நனைத்த சுவரில் மூன்று கை. அடிக்கும்போது தண்ணீர் மாதிரி ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றுகிறாரோ என்று நினைத்தேன். சாயங்காலம் சுவர் தானாக வெளுத்தது.

இப்போது கூடத்தில் மூன்று சுவர் வெளிர் சந்தனம், ஒன்று வெள்ளை. இரண்டு மழைக்காலம் தாண்டியும் பொரியவில்லை. சாய்ந்தால் மட்டும் சட்டையில் ஒட்டும். அம்மா தன் நாற்காலியை அந்தச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.