முட்டி போட்டால்தான் தெரியும் சந்தனக் குடும்பத்துச் செடி

சந்தனக் கன்று நடும்போது பக்கத்திலேயே துவரையும் ஊன்றுவார்கள். சந்தன வேர் துவரை வேரைப் பிடித்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்ளும். இதே குடும்பத்தில், இதே பழக்கத்தோடு, தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் தரையோடு படர்ந்து கிடக்கிறது தீசியம் ஹ்யூமிஃபியூசம். அங்கே அதன் பெயர் பாஸ்டர்ட் டோட்ஃபிளாக்ஸ். சால்ஸ்பரி சமவெளியிலும் ஜெர்சி தீவின் மணல்மேடுகளிலும் பார்க்கலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெயில் நன்றாக ஏறியபின் தேடுங்கள். உயர்ந்த புல்லில் நேரத்தை வீணாக்க வேண்டாம்; ஆடோ முயலோ ஒட்ட மேய்ந்த சரிவாகப் பார்த்து முட்டி போடுங்கள். முதலில் கண்ணில் படுவது நிறம்தான்: சுற்றியுள்ள புல்லைவிடக் கொஞ்சம் மஞ்சள் தூக்கலான பச்சை. இலை குறுகலாக, ஒற்றை நரம்போடு, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும். எதிரெதிராக இருந்தால் அது ஃபேரி ஃபிளாக்ஸ். தண்டைச் சுற்றி வட்டமாக இருந்தால் பெட்ஸ்ட்ரா.

பூவுக்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். அகலம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். வெளிப்புறம் பச்சை, உள்ளே வெள்ளை, ஐந்து முனை நட்சத்திரம். புல்லி தனி, அல்லி தனி என்று கிடையாது. ஒவ்வொரு முனைக்கும் நேராக ஒரு மகரந்தத்தாள், அதன் பின்னால் பொடி மயிர்க்கற்றை. பூவின் அடியில் மூன்று செதில்கள்: ஒன்று நீளம், இரண்டு குட்டை. மூன்றையும் எண்ணிவிட்டால் சந்தேகமே இல்லை.

தோண்டி எடுத்துத் தொட்டியில் வைக்காதீர்கள். மாமரத்துப் புல்லுருவி கிளையில் செய்வதை இது மண்ணுக்குள் செய்கிறது. அண்டை வேர்களைக் கவ்விய சிறு முண்டுகள் அறுந்தால் தண்ணீர் வரத்து நின்றுபோகும்.

உரம் போட்டாலும் கெடுதல்தான். இலை பச்சை, சமையல் சொந்தம். அதற்கு வெயில் வேண்டும். உரத்தில் கொழுத்த புல் மேலே மூடிவிடும். 1953-இல் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, பல குன்றுகளில் புல் அப்படித்தான் உயர்ந்தது. உழுத நிலத்துக்கோ இது லேசில் திரும்பாது. அதனால் இது நிற்கும் இடம் பழைய புல்வெளி என்று ஓரளவு நம்பலாம்.

செடி கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள். நீலக் கறுப்பில் பளபளத்து, ஓரத்தில் வெள்ளைக் கரை கட்டிய டவுன் ஷீல்டு பக் என்ற பூச்சி இருக்கிறதா என்று அடித்தண்டு வரை பாருங்கள். இங்கிலாந்தில் அதற்குச் சாப்பாடு இந்தச் செடிதான்.