அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் ஒரு நடை

போன மாதம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். வைகைக்குத் தெற்கே, ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் ஐந்து சென்ட் வாங்கியிருந்தான். "அண்ணே, செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தோம், ஜேசிபி பக்கெட்டுல பெரிய பெரிய பானையா வருது, நீங்கதான் இதெல்லாம் பாப்பீங்களே, கொஞ்சம் வாங்க" என்றான். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அவன் போன் பண்ணுவதற்கு முன்பே மூன்று தாழிகள், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகள், நொறுங்கிப் போயிருந்தன.

நான்காவது தாழி குழியின் பக்கச்சுவரில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. விரல் தடிமனுக்குச் சிவப்பு ஓடு. கழுத்துக்குக் கீழே, கயிறு சுற்றியது போல, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்த ஒரு பட்டை. அழுத்திய விரலின் அகலம்கூட அதில் தெரிந்தது. உள்ளே இறுகிய மண், மண்ணுக்குள் ஒரு சின்னக் கிண்ணம், சில எலும்புத் துணுக்குகள். கிண்ணம் உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் கருத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிடும். யாரோ ஒருவரைப் புதைக்கும்போது கூடவே வைத்த கிண்ணம் அது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

பக்கத்துப் புஞ்சையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தாழிக்காடு தம்பி. எங்கய்யா காலத்துல உழும்போதே கொழு தட்டும். மதமதக்கத் தாழின்னு சொல்லுவாக."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. பிளாட் போட்டவர்களும் கேட்கவில்லை, வாங்கிய என் தம்பியும் கேட்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தப் பெரியவரிடம் உட்கார்ந்திருந்தால் போதும், மூன்று தாழிகளும் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். என் ஆதங்கம் முழுக்க இதுதான்.

தோண்டாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். முதலில் பெயர்: தாழிக்காடு, நத்தமேடு, கோட்டைமேடு, ஓட்டுத்திடல், தெற்கே போனால் பரம்பு என்று எந்தப் பெயர் காதில் விழுந்தாலும் நின்று விசாரிக்க வேண்டும். அப்புறம் நடை. உழுதுபோட்ட நிலத்தில் ஒரு மழை பெய்து மண் கழுவப்பட்ட மறுநாள் காலை, வெயில் சாய்வாக விழும்போது, நாலைந்து பேர் பத்தடி இடைவெளியில் வரிசையாக, குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டும். பானையோடு, வட்டச்சில்லு, இரும்புக் கசடு, உடைந்த சங்கு வளையல், எல்லாம் மேலேயே கிடக்கும். எதையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கிடந்த இடத்திலேயே படமெடுத்து, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும், ஏனென்றால் இடத்தை விட்டுப் பிரிந்த ஓடு பாதி ஊமை. கடைசியாக, பக்கத்தில் வெட்டிய கிணறோ வாய்க்காலோ இருந்தால் அதன் கரையைப் பாருங்கள், மண்ணடுக்கில் சாம்பல் நிறக் கோடும் ஓடுகளும் தெரிந்தால் அங்கே மக்கள் வாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கீழடியும் இப்படித்தான் தொடங்கியது. 2013-14ல் அமர்நாத் ராமகிருஷ்ணாவின் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறைக் குழு வைகையின் இரு கரைகளிலும் ஊர் ஊராகப் போய் 293 இடங்களைப் பதிவு செய்தது. அதில் ஒன்றுதான் 2015ல் தோண்டத் தொடங்கிய கீழடி. மற்ற இடங்களில் எத்தனை மேல் இன்று பிளாட் கல் நட்டிருக்கிறார்களோ என்று நினைத்தாலே வயிறு பிசைகிறது.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சட்டம் இருக்கிறது. 2010 திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத தாழிக்காட்டுக்கு இந்தக் காவல் கிடையாது. என் தம்பி வைத்திருந்த மனை அனுமதித் தாள்களைப் புரட்டினேன், தொல்லியல் என்ற சொல்லே இல்லை. இங்கிலாந்தில் 1989ல் லண்டனில் அலுவலகக் கட்டடம் கட்டும்போது ரோஸ் என்ற பழைய நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு, அதைக் காப்பாற்றப் பெரிய போராட்டமே நடந்தது. அடுத்த வருடமே, கட்டுவதற்கு முன் நிலத்தை ஆராய்வதைத் திட்ட அனுமதியோடு சேர்த்து வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டார்கள். செலவு பொதுவாகக் கட்டுகிறவருடையது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

"சொன்னா நிலத்தைப் புடுங்கிருவாங்கண்ணே" என்றுதான் தம்பியும் முதலில் பயந்தான். அந்தப் பயத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன், வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய ஐந்து சென்ட் அது. ஆனால் கீழடியின் தொடக்க ஆண்டுகளில், தனியார் தோப்பில் உரிமையாளர் சம்மதத்தோடு தோண்டி, பதிவு செய்து, குழியை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவனே கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொன்னான். டேங்க்கை வடகிழக்கு மூலைக்கு மாற்றிக்கொள்வதாக முடிவானது. அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை நான்காவது தாழியின் மேல் தார்ப்பாய் போட்டு, விளிம்பில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம்.

அதே மனைப்பிரிவில் இன்னும் பதினொரு பிளாட்டில் வானம் தோண்டவில்லை. நான்கு பேர் நடந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி நல்ல மழை. காலை ஆறு மணிக்குப் பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், எந்த இடத்தில் கொழு தட்டியது என்று அவர்தான் காட்ட வேண்டும்.