அரை மணி நேரத்தில் ஒரு கோடு

1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவு. வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் நேஷனல் ஜியாகிரஃபிக் வரைபடத்தை விரித்து, ஜப்பான் பிடியில் இருந்த கொரியாவை அமெரிக்காவும் சோவியத்தும் எங்கே பிரித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறார்கள். கையில் இருந்தது அரை மணி நேரம். தலைநகர் சோல் அமெரிக்கப் பக்கம் வரவேண்டும், அவ்வளவுதான். 38-வது அட்சரேகையில் கோடு விழுந்தது. சோவியத்தும் சரி என்றது. கொரியர்களை யாரும் கேட்கவில்லை. (ரஸ்க் பின்னாளில் வெளியுறவு அமைச்சரே ஆனார்!)

போரில் தோற்றது ஜப்பான், துண்டானது அதனிடம் 35 வருஷம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. இந்த அநியாயத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

1948-இல் இரண்டு அரசுகள். முழுக் கொரியாவும் தன்னுடையது என்றே இரண்டும் சொல்லின. அப்புறம் 1950-இல் போர், 1953 ஜூலையில் போர்நிறுத்தம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. கேசாங் நகரம் போருக்கு முன் தெற்கில் இருந்தது, முடிந்தபோது வடக்கில்.

1983-இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்த சொந்தங்களைத் தேடும் நிகழ்ச்சியை நடத்தியது. 138 நாள் ஓடியது. பெயர், ஊர், காணாமல்போன இடம் எழுதிய அட்டைகள் அந்தக் கட்டடச் சுவரெங்கும். திரையில் ஒருவரையொருவர் பார்த்து, சின்ன வயதுத் தழும்பையும் அப்பா பெயரையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. பெரும்பாலும் தெற்குக்குள்ளேயே முப்பது வருஷம் தனித்தனியாக வாழ்ந்தவர்கள். வடக்கில் மாட்டிக்கொண்ட சொந்தங்களை அந்தத் திரையில் தேட வழியில்லை.