மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்ப நிற்கும் தம்பிகளே, வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடைக் குறைவு என்றால் மூலத்துக்கு மருந்து வாங்கித் தின்றுகொண்டிருக்கக் கூடாது. கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்ற இரு வகைக் குடல் அழற்சி நோயில் ஒன்றாக இருக்கலாம். குடல் காசநோயும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. கொலனோஸ்கோபியும் (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) திசுப் பரிசோதனையும் செய்தால்தான் பிரித்தறிய வழி பிறக்கும். மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தை மகளுக்குக் குடல் அழற்சி நோய்தான். அவள் வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து, பஸ் ஏறும் நாளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இரத்தம் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள், நோய் திரும்பிவிட்டது. கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் தொற்றாது. அவளுக்குத் தனித் தட்டு வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிராமச் செவிலியர் திண்ணையில் அமர்ந்து ஒருமுறை சொன்னால் ஊரே கேட்கும்.