காவி

திருகோணமலையில் எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த சேர் காலமான செய்தி நான் இருக்கும் இலண்டனுக்கு எட்டிய கிழமையே நினைவுமலர்க் குழுவும் கட்டுரை கேட்டு எழுதியது. உட்துறைமுகத்தையும் கோட்டை மான்களையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அவருடைய பாடமொன்றைத்தான் எழுத வேண்டும்: கனியுப்பு உள்ளெடுத்தல், அதாவது செடியின் வேர் மண்ணிலிருந்து உப்புகளை எடுக்கும் விதம்.

கச்சான் வீசும் மாதத்து மத்தியானம். நம் ஆய்வுகூடம் அந்நேரம் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! றியோ என்ற செடியின் இலைக் கீழ்த்தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். ஊதாவாய்த் தெரிந்தது, கலத்துக்குள் இருக்கும் சாற்றுப் பையான புன்வெற்றிடம். "வெறும் தண்ணிப் பை எண்டு நினையாதேங்கோ, பிள்ளையள். கலத்தின்ரை களஞ்சியம் அது" என்றார். பொற்றாசியம், நைத்திரேற்று எல்லாம் அங்கே சேரும். தட்டுப்பாடு வந்தால் வெளியே வரும். கல்சியத்தைக் கலம் ஓயாமல் அதற்குள் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பைக்கு வெளியே, கலத்தின் குழியவுருவில் கல்சியம் கூடினால் பொசுபேற்றோடு சேர்ந்து படிந்துவிடும்.

பிறகு கரும்பலகையில் வேர்மயிர்க் கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வை வரைந்தார். மண்நீரில் பொற்றாசியம் ஒரு பங்கென்றால் உள்ளே நூறு பங்கு, சிலவேளை ஆயிரம் பங்கு. செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும் பரவலால் மட்டும் இது நடக்காது, சக்தி செலவாகிறது என்றார். மென்சவ்வின் குறுக்கே சிறு பெட்டியொன்று வரைந்து 'காவி' என்று எழுதினார், உப்பை உள்ளே காவி வருவது என்ற பொருளில். "சோதினைக்கு இவ்வளவும் காணும். ஆனா இது என்ன சாமான் எண்டு இன்னும் ஒருத்தரும் பிடிக்கேல்லை. உங்களில ஆராவது ஒருநாள் வந்து எனக்குச் சொல்ல வேணும்."

பாடக்குறிப்பைச் சொல்லி எழுதுவித்தே வகுப்புகள் முடிந்துபோன காலம் அது. அறிவு எந்த இடத்தில் முடிகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் அவர் ஒருவர்தான். அதற்கு நிகரான மரியாதையை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்கு ஒருவரும் தரவில்லை.

அராபிடொப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியின் மென்சவ்வில் பொற்றாசியத்துக்கு வழிவிடும் கால்வாய்ப் புரதங்களை 1992இல் கண்டுபிடித்தார்கள். பொற்றாசியம் எடுக்கத் தெரியாத மதுவத்துக்குள், அதாவது ஈஸ்ட்டுக்குள், செடியின் பரம்பரையலகுகளைச் செலுத்தி, எது அதைப் பிழைக்க வைக்கிறதென்று தேடினார்கள். இங்கே நூலகத்தில் அதை வாசித்தபோது சேரின் பெட்டிதான் கண்முன் வந்தது.

போர்நிறுத்தக் காலத்தில், 2003 டிசெம்பரில், உப்புவெளி வீட்டில் அவரைப் பார்த்தேன். தேத்தண்ணி ஆற ஆறச் சொன்னேன். முதலில் ஒரு புரதம், கலத்தின் சக்திக் காசான ஏ.ரீ.பீ.யைச் செலவழித்து, நேரேற்றமுள்ள ஐதரசன் அயன்களான புரோத்தன்களை வெளியே தள்ளுகிறது. அதனால் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நூறு மில்லிவோல்ற்றுக்கு மேல் எதிரேற்றமாகிறது. அந்த இழுப்பில்தான் பொற்றாசியம் கால்வாயால் உள்ளே வருகிறது. மண்ணில் அது மிக அருந்தலாகும்போது வேறொரு காவி புரோத்தனோடு சேர்த்து அதை உள்ளெடுக்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவர், "சோடியம் அதிலும் சின்ன அயனெல்லோ? அது ஏன் அந்தக் கால்வாயால போகேல்லை?" என்றார். கடலோர ஊர்க்காரரின் கேள்வி! இதற்கு ஒரு பற்றீரியாவின் கால்வாயில் விடை கண்ட ரொட்ரிக் மக்கினனுக்கு அந்த மாதம்தான் நோபல் பரிசு வழங்கினார்கள். கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் ஒட்சிசன் அணுக்கள் பொற்றாசியத்துக்கு அளவெடுத்த இடைவெளியில் நிற்கின்றன. பொற்றாசியம் தன்னைச் சூழ்ந்த நீரைக் கழற்றிவிட்டு அவற்றைப் பற்றிக்கொள்ளும். சோடியம் சிறிது, எல்லா ஒட்சிசனும் அதற்கு எட்டாது, நீரைக் கழற்ற அதற்குக் கட்டுப்படியாகாது. அவர் எழும்பிப் போய்க் கொப்பியும் பேனையும் எடுத்துவந்தார்.

பொற்றாசியம் குறையும்போது அந்தக் கால்வாயை எது தூண்டிவிடுகிறது என்றும் கேட்டார். அதற்கு விடை 2006இல் சீனாவிலிருந்து வந்தது. வேர்க்கலத்தில் எழும் கல்சியச் சமிக்ஞையை ஒரு புரதம் உணர்ந்து, இன்னொரு நொதியத்தைக் கொண்டு கால்வாய்க்குப் பொசுபேற்றுக் கூட்டத்தைச் சேர்ப்பிக்கிறது. கால்வாய் இயங்கத் தொடங்குகிறது. குழியவுருவில் கல்சியத்தை அவ்வளவு குறைத்து வைத்திருப்பதால்தான் சிறு ஏற்றமும் சமிக்ஞையாகிறது. சேர் றியோ இலையோடு தொடங்கிய கதையின் மிச்சம் அது.

அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்து மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூருக்கும் வந்தது. தொலைபேசி கிடைத்த நேரமெல்லாம் இருக்கிறீர்களா, சாப்பாடு இருக்கிறதா என்றுதான் கேட்க முடிந்தது. பிறகு அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

இப்போது உயர்தர வகுப்புக்கு அந்தப் பாடத்தை எடுப்பவர் எனக்குப் பல வருடம் இளையவர், அவரும் சேரின் மாணவி. கால்வாயையும் புரோத்தன் பம்பியையும் பெயரோடு வரைந்து கற்பிப்பதாகச் சொன்னார். மிகவும் சந்தோசப்பட்டேன். நான் ஊரிலேயே நின்றிருந்தால், சேர் ஓய்வுபெறுவதற்கு முன் அவர் வகுப்பிலேயே அந்தப் பெட்டிக்குள் பெயரை எழுதியிருக்கலாம் என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.