டாமினார் 400: பர்ஸைத் திறப்பதற்கு முன் ஸ்பேனரை எடுங்கள்

டூரிங் (நெடுந்தூரப் பயண) வண்டி என்று சொல்லி பஜாஜ் டாமினார் 400 பைக் வாங்குகிற பலருக்கும் வண்டி அதிகம் ஓடுவது வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில்தான். கொடைக்கானல் வருடத்துக்கு இரண்டு தடவை; சென்னை கத்திப்பாரா டிராஃபிக் தினமும். 373.3 சிசி ஒற்றை சிலிண்டர், 40 பிஎஸ் சக்தி, 800 மி.மீ. சீட் உயரம், பெட்ரோல் போட்டால் ஏறத்தாழ 190 கிலோ. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நகரத்தில் சுகமாக ஓட்ட முடியும். அதற்கு முதலில் தேவைப்படுவது அலன் கீ செட், அளக்க ஒரு டேப், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக்சஸரி எல்லாம் அப்புறம்.

ஹேண்டில்பாரிலிருந்து ஆரம்பிக்கலாம். மணிக்கட்டு வலி என்று ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் துண்டு) வாங்கப் போகிறவர்கள், லீவர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்திருக்கவே மாட்டார்கள். சீட்டில் வழக்கம்போல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்களை கிளட்ச் லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வரவேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர் மட்டமாக நிற்கிறது என்று அர்த்தம். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பிரேக் பக்கமும் அப்படித்தான். ஆனால் பிரேக் ஆயில் டப்பா ரொம்பச் சாயக்கூடாது. கிளட்ச் கேபிளில் லீவர் அடியில் 2-3 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். அதுகூட இல்லாமல் இறுக்கி வைத்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே ஓடி, டிராஃபிக்கில் பிளேட் தேயும். கேபிள் வறண்டு போயிருந்தால் லீவர் கல்லாக இருக்கும். கைக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பாருங்கள், ஓரம் நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் வலி இருந்தால் ரைசர் போடலாம். 20 முதல் 25 மி.மீ. போதும். அதற்கு மேல் ஏற்றினால் கேபிளும் பிரேக் ஆயில் போகிற ஏபிஎஸ் ஹோஸும் இழுபடும். மாட்டியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். ஐட்லிங் ஏறினால் த்ராட்டில் கேபிள் இழுபடுகிறது. அந்த நிலையில் ரோட்டில் எடுக்கவே கூடாது. (2025-ல் வந்த மாடலில் எலக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் இந்தக் கேபிள் கவலை இல்லை. ஹோஸையும் வயரிங்கையும் மட்டும் பாருங்கள்.) இன்னொன்று: ஹேண்டிலை உயர்த்த உயர்த்தச் சுகம் கூடும் என்பது உண்மையில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் கையில் இருந்த பாரம் மொத்தமும் முதுகெலும்பின் அடிக்கு இறங்கும். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் அங்கேதான் குத்தும். இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்த நிலைதான் நாள் முழுக்கத் தாங்கும்.

அடுத்தது பின் ஷாக், அதாவது பின் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு. இந்த வண்டியில் யாரும் தொடாமல் விட்டுவைக்கிற ஒரே அட்ஜஸ்ட்மென்ட் இதுதான் என்று தோன்றுகிறது. அளப்பதற்கு இரண்டு பேர் துணை வேண்டும். ஒருவர் வண்டியை சைட் ஸ்டாண்ட் மேல் சாய்த்து, பின் சக்கரம் தரையை விட்டு எழும்படி பிடிக்கட்டும். பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டி, அந்த உயரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியை நிமிர்த்தி, ஹெல்மெட், ஜாக்கெட், தினமும் சுமக்கிற லேப்டாப் பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் அதே இடத்தில் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30-35 மி.மீ. அளவில் வந்தால் சரி. பின் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 110 மி.மீ.; அதில் மூன்றில் ஒரு பங்கை ஓட்டுபவரின் எடை தின்றால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் மீதி இருக்கும். 45 வந்தால் ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) ஒரு படி ஏற்றுங்கள். 20 வந்தால் இறக்குங்கள்.

ப்ரீலோட் தளர்வாக இருந்தால் என்ன ஆகும்? வீட்டம்மா பின்னால் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில் மந்தமாகும், வளைவில் வண்டி வெளியே தள்ளும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். 'இந்த வண்டிக்காரன் எப்போதும் ஹை பீமில் வருகிறான்' என்று திட்டு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, தனியாக உட்காரும்போது லோ பீமின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்ததும் வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறினால், ப்ரீலோட் ஏற்றவேண்டும் என்று சுவரே சொல்லிவிடும்.

காற்று விஷயத்தில் ஒரே வரி: காலையில் டயர் சூடாவதற்கு முன், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். பங்க்கில் 'நாற்பது போட்டுடவா சார்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சீட்தான் பெரிய விவகாரம். கம்பெனி சீட் கடினமாக இருக்கிறது என்று அதன் மேல் பஞ்சு மாதிரி ஃபோம் வைத்துத் தைப்பவர்கள் ஏராளம். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சோபா போல இருக்கும். செங்கல்பட்டு டோல் தாண்டுவதற்குள் ஃபோம் தட்டையாகி, இடுப்பெலும்பு பிளாஸ்டிக் பேஸைத் தொடும். மென்மைக்கும் தாங்கும் தன்மைக்கும் சம்பந்தமில்லை. கீழே கெட்டியான ஃபோம் (ரீபாண்டட் என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும்), மேலே 10-15 மி.மீ. மட்டும் மென்மையான அடுக்கு. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

அதைவிட முக்கியம் சீட்டின் சரிவு. ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு டாங்க்கை நோக்கி வழுக்கும். அதைத் தடுக்கத்தான் கைகள் ஹேண்டிலை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கை மரப்பதற்கும் தோள் இறுகுவதற்கும் பாதிக் காரணம் இந்தச் சரிவு. முன்பக்கப் பள்ளத்தில் ஃபோம் ஏற்றி உட்காரும் இடத்தைக் கிட்டத்தட்ட மட்டமாக்கச் சொல்லுங்கள். ஆனால் 10 மி.மீ. ஏற்றினாலும் குதிகால் தரையை விட்டு எழும்ப ஆரம்பிக்கும். அதற்கு ஈடாக, தொடை உரசுகிற முன் ஓரங்களை இரண்டு பக்கமும் சீவி ஒடுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும். ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ளவருக்கு இந்த ஒடுக்கல்தான் நூறு சிக்னல்களைக் காப்பாற்றும்.

கடையில் கூடவே நின்று பார்க்க வேண்டிய சில உண்டு. ஃபோமுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போகவேண்டும். இல்லையென்றால் ஒரு ஐப்பசி மழையைக் குடித்த சீட் மூன்று நாளைக்கு பேன்ட்டை நனைக்கும். தையல் உட்காரும் இடத்தின் நடுவில் வரக்கூடாது, ஓரத்தில் வரட்டும். ஸ்டேப்ளர் பின் 6 மி.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால் பேஸைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும். பழைய ஃபோமை வெட்டி எறிய விடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி வேண்டும். பட்டன் வைத்த, டைமண்ட் தையல் போட்ட டிசைன்கள் படத்தில் அழகு. நம் ஊர் வெயிலில் அந்தக் கறுப்பு ரெக்ஸின் தோசைக்கல்.

வைசர், அதாவது ஹெட்லைட்டுக்கு மேல் நிற்கும் காற்றுத் தடுப்புக் கண்ணாடி பற்றி ஊரில் பாதி நம்பிக்கை, பாதி வியாபாரம். 2021-ல் பஜாஜே உயரமான வைசர், ஹேண்ட்கார்டு, எஞ்சின் பேஷ் பிளேட், லெக் கார்டு, பின் கேரியர், யுஎஸ்பி சார்ஜர் எல்லாம் வைத்து வண்டியை விற்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். காலி ரோட்டில் 80-ல் போகும்போது தலையை நான்கு விரல் தாழ்த்துங்கள். ஹெல்மெட் இரைச்சல் சட்டென்று அடங்கினால் வைசர் குட்டை. மாறாக, லேசாக எழுந்து நிமிரும்போது அடங்கினால் வைசரின் விளிம்பில் சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதுகிறது; இன்னும் 5 செ.மீ. உயர்த்தினால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். வைசருக்கும் அதன் அடிக்கும் நடுவில் 10-20 மி.மீ. இடைவெளி விட்டால் பின்னால் உண்டாகும் வெற்றிடம் குறைந்து தலை ஆட்டம் அடங்கும். விலை உயர்ந்த வைசர்கள் பலவற்றின் ரகசியம் அந்த ஓட்டைதான். எதற்கும் ஒன்று யோசியுங்கள்: சித்திரை மாதம் 38 டிகிரியில் நெஞ்சில் காற்று படாமல் 20 கி.மீ. வேகத்தில் ஊர்வதற்குப் பெயர் சுகமா? தினசரி ஓட்டத்துக்குக் குட்டை வைசர்தான் சரி. பாலிகார்பனேட் வைசரைப் பெட்ரோல் துணியால் துடைக்காதீர்கள், நூல் நூலாக விரிசல் விடும்.

கை விரல் மரத்துப்போகும் அதிர்வுக்கு நேராக கனமான பார் எண்ட் (ஹேண்டில் முனையில் மாட்டும் எடை) வாங்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஹேண்டில் கிளாம்ப் போல்ட், எஞ்சின் மவுன்ட் போல்ட், செயின். தொங்குகிற செயின், அதோடு த்ராட்டிலிலும் தேவைக்கு மேல் ஆட்டம்: இரண்டும் சேர்ந்தால் வேகத்தடை தாண்டிக் கை முறுக்கும்போதெல்லாம் வண்டி உதைக்கும். த்ராட்டில் பிடியில் 2-3 மி.மீ. ஆட்டம் போதும். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. பெரிய ஒற்றை சிலிண்டர் என்பதால் உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் இழுத்தால் உலுக்கத்தான் செய்யும். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரம்) ஒரு பல் குறைத்தால் பின் சக்கர இழுவை சுமார் 7 சதவீதம் கூடி நகரத்தில் இந்த உலுக்கல் குறையும். அதே 7 சதவீதம் ஹைவேயில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், அதிர்வும் கூடவே வரும். தினமும் எங்கே ஓட்டுகிறீர்களோ அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

லைட், சார்ஜர் போடும்போது ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 20 வாட் லைட் இரண்டு என்றால் 40 வாட், 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) முனைகளில் எண் போட்டிருக்கும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30, அங்கிருந்து 87 லைட்டுக்கு, 85 எர்த், 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற வயர், நடுவில் சுவிட்ச். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஹேண்டில் கழுத்தில் வயரை இறுக்கிக் கட்டாதீர்கள். திரும்பித் திரும்பி ஆறு மாதத்தில் உள்ளே அறுந்து, லைட் மழைநாளில் மட்டும் அணையும். மெக்கானிக்குக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும்.

டாப் பாக்ஸுக்குள் ஹெல்மெட், மழைக்கோட்டு மாதிரி லேசானவை மட்டும். கேரியரில் எழுதியிருக்கும் எடை வரம்பு பாக்ஸின் எடையையும் சேர்த்துத்தான். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் உயரத்தில் கனம் ஏறினால், 90 தாண்டும்போது ஹேண்டில் மெல்ல ஆட ஆரம்பிக்கும். அரிசி மூட்டை, டூல்ஸ், பூட்டுச் சங்கிலி எல்லாம் சைடு பேக்கில் கீழே போகட்டும். சைடு பேக் ஸ்டே (பையைத் தாங்கும் கம்பி) மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றிப் போடுகிறார்கள் பலர். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. துப்பட்டா ஸ்போக்கில் சிக்குகிற வேகத்தில் பிரேக் பிடிக்க யாராலும் முடியாது. கார்டோடு சேர்ந்து மாட்டுகிற ஸ்டே கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.