காய வைத்தால் போதாது, கழுவ வேண்டும்: மலேசியா, சுங்கை சிப்புட் போன் பட்டறைக் குறிப்புகள்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. இனி நனைந்த போன்கள்தான் அதிகம் வரும். தண்ணீரிலிருந்து எடுத்ததும் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று சார்ஜ் போட்டுப் பார்ப்பதுதான் போர்டை, அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, கெடுக்கிறது. உப்பு கரைந்த நீரில் பேட்டரி மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கும். சிம் தட்டைக் கழற்றி, சார்ஜ் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

நவம்பர் 5, புதன்

காயட்டும் என்று அரிசி டின்னில் புதைத்து வைத்த போன் ஒன்று இன்றும் வந்தது. போர்டில் சிப்புகளை மூடியிருக்கும் தகர மூடிகளுக்கு அடியில் தேங்கிய நீரை அரிசி இழுக்காது. மாவுத்தூள்தான் சார்ஜ் வாயில் அடையும். ஆப்பிள் நிறுவனமும் அரிசியில் போடாதீர்கள் என்றே சொல்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்குவது. நம் ஊர் ஈரக்காற்றில் அது மறுபடி ஈரம் பிடிக்கும். "நல்லாத்தான் ஓடுச்சுண்ணே, திடீர்னு செத்துப்போச்சு" என்று வருபவற்றில் பல இந்த வகைதான்.

நவம்பர் 7, வெள்ளி

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வாய்க்காலில் விழுந்த போன். உரம் போட்ட பிறகு மழை பெய்திருக்கிறது. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். வெறும் மழைநீரைவிட இது மோசம்.

முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தாயிற்று. பிறகு திரை, கேமரா, ஸ்பீக்கரைக் கழற்றியாயிற்று. இவற்றில் ஆல்கஹால் படக்கூடாது. தகர மூடிகளைத் தூக்காமல் கழுவினால் பாதி வேலைதான். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, அதனால் முதலில் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும். அதன் பிறகே 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடை 70% வேண்டாம்; மீதி பெரும்பாலும் தண்ணீர்.

நவம்பர் 8, சனி

போர்டு இரவு முழுக்க விசிறிக் காற்றில் காய்ந்தது. பேட்டரியை மாட்டாமல் பவர் சப்ளையிலிருந்து 4 வோல்ட் கொடுத்ததில், பொத்தானை அழுத்தும் முன்பே கரண்ட் ஏறியது. எங்கோ ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்கு வழியில் பாய்கிறது. 1 வோல்ட்டுக்கு இறக்கி, போர்டின் மேல் ரோசின் (சால்டரிங் பிசின்) புகை படியவிட்டால், ஷார்ட்டாகிச் சூடேறும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகம்) மேல் மட்டும் வெள்ளைப் படலம் உருகும். பேட்டரி மின்சாரம் வரும் மெயின் லைனில் பல கெப்பாசிட்டர்கள் இணையாக இருக்கின்றன, பெரும்பாலும் ஒன்றை எடுத்தாலும் போன் ஓடும். இதுவும் ஓடியது.

திரை ஒளிர்ந்ததும் முதல் வேலை, படங்களையும் வாட்சாப்பையும் வேறிடத்துக்கு மாற்றுவது. நனைந்த போன் எத்தனை மாதம் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நனைந்த பேட்டரியைத் திரும்ப மாட்டக்கூடாது, புதிதுதான். ஐபி68 (தண்ணீர், தூசி புகாத தரக்குறி) என்று பெட்டியில் போட்டிருந்தாலும், திறந்து மூடிய பின் அந்தக் காப்பை நம்பாதீர்கள். செம்பனைக் குலை வெட்டுக்குப் போகும்போது போனை ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.